யாரோடு யார் உட்காருவது?

1905 ஜூலையில் பாஸ்டன் நகரத்தில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்காக ஒரு வாராந்திர வகுப்பைத் தொடங்கினார். அவர் மனநல மருத்துவர் இல்லை, உடல்நோய் பார்ப்பவர். அன்றைக்குக் காசநோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் போல இருந்தன. நல்ல காற்று, சத்தான சாப்பாடு, முழு ஓய்வு, இவ்வளவுதான் சிகிச்சை. வசதி உள்ளவர்கள் சானடோரியங்களுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கினார்கள். பிராட்டிடம் வந்தவர்கள் நெருக்கடியான வாடகைக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். எனவே சானடோரியத்தை அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்விடுவது என்று அவர் முடிவு செய்தார். மொட்டைமாடியிலோ கொல்லைப்புறக் கூடாரத்திலோ படுத்துத் தூங்க வேண்டும், குளிர்காலமானாலும் விலக்கில்லை. காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பிட்டோம், எத்தனை மணி நேரம் வெளிக்காற்றில் இருந்தோம் என்று தினமும் நோட்டில் எழுத வேண்டும். வாரம் ஒருமுறை எல்லோரும் கூடும்போது எடை பார்ப்பார்கள், நோட்டைச் சரிபார்ப்பார்கள். வகுப்புக்கு 25 பேர் உச்சவரம்பு. செலவை இமானுவேல் தேவாலயம் ஏற்றுக்கொண்டது.

தனித்தனியாகச் சொல்ல வேண்டியதைச் சேர்த்துச் சொன்னால் நேரம் மிச்சம் என்பதுதான் பிராட்டின் முதல் கணக்கு. வகுப்பில் அதற்கு மேலும் ஒன்று நடந்தது. வெவ்வேறு இனத்தவர், வெவ்வேறு மதத்தவர், ஒரே நோய் வந்திருக்கிறது என்ற ஒற்றைக் காரணத்தால் சிநேகிதர்கள் ஆனார்கள். போன மாதம் துவண்டு கிடந்தவர் இந்த மாதம் எடை கூடி நிற்பதைப் பார்த்துப் புதிதாக வந்தவருக்குத் தெம்பு பிறந்தது. டாக்டர் எவ்வளவு சொன்னாலும் வராத தெம்பு அது. பிராட் இதைக் கவனித்து எழுதியும் வைத்தார். குழு உளச்சிகிச்சையின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்த எடை மெஷின் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அந்த வகுப்பில் இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, பணக்காரர்களுக்கு இருந்த சிகிச்சையை ஏழைகளின் மொட்டைமாடிக்கு ஏற்ப மாற்றும்போதுதான் குழு சிகிச்சை பிறந்தது. ஆளுக்கும் இடத்துக்கும் தக்கபடி மாற்றுவது பிற்காலத்தில் யாரோ சேர்த்த ஒட்டு வேலை இல்லை. அதன் பிறவிக் குணம். இன்னொன்று, குழுவில் ஒருவருக்கு மருந்தாக இருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். ஆகவே குழு அமைக்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்: இந்த நாற்காலியில் உட்காரப்போகிறவரால் அடுத்த நாற்காலிக்கு என்ன கொடுக்க முடியும்? அதைக் கொடுக்கிற அளவுக்கு அவர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்? கூட்டத்தின் நீளம், ஆள் எண்ணிக்கை, பேச்சா விளையாட்டா, யார் வழிநடத்துவது, எல்லாமே இதற்கான பதிலிலிருந்து வரவேண்டியவை.

அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் 1960களில் ஒரு சிறு ஆய்வு செய்தார். நீண்டகாலக் குழு சிகிச்சையில் இருந்து நன்றாகத் தேறிய 20 பேரிடம் 60 அட்டைகளைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும், குழு எனக்கு எப்படி உதவியது என்பது பற்றி ஒரு வரி இருக்கும். அதிகம் உதவியதிலிருந்து குறைவாக உதவியது வரை அவற்றை வரிசைப்படுத்தச் சொன்னார். மற்றவர்கள் என்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நேருக்கு நேர் தெரிந்துகொண்டது, மனதில் இருந்ததைக் கொட்டியது, இவர்கள் என் ஆட்கள் என்ற ஒட்டுதல், இவையெல்லாம் மேலே வந்தன. அறிவுரை கிடைத்தது என்பது கிட்டத்தட்ட கடைசிக்குப் போனது. நம் ஊர் மருத்துவமனைகளில் குழு சிகிச்சை என்ற பெயரில் நடப்பவற்றில் கணிசமானவை ஒருவர் நின்று பேச மற்றவர்கள் கேட்கும் அறிவுரைக் கூட்டங்கள் என்பதை நினைத்தால், இந்த வரிசை உறுத்துகிறது.

யாலோமின் பாடநூல் 1970இல் வந்தது. அதில் வரும் செவ்வியல் குழுவில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். முன்பின் அறியாதவர்கள். வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், மாதக்கணக்கில் அல்லது ஆண்டுக்கணக்கில் சந்திப்பார்கள். வெளியே ஒருவரையொருவர் பார்த்துப் பழகுவதில்லை. உள்ளே பேசியது வெளியே போகாது. வழிநடத்துநர் கொஞ்சம் ஒதுங்கியே இருப்பார். அவர்களுக்குள் நடப்பதையே பாடமாக்குவார். வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டில் தூங்கி, தன் காலில் நிற்கிற ஒரு நகரவாசிக்கு அளவெடுத்துத் தைத்த ஏற்பாடு இது. இதை அப்படியே தூக்கிக்கொண்டு மனநல வார்டுக்குள் போனால் என்ன ஆகும்?

எதுவும் பொருந்தாது. வார்டில் இன்று இருப்பவர் நாளை டிஸ்சார்ஜ். இன்று காலை போலீஸ் ஜீப்பில் வந்து இறங்கியவர் மாலையில் வட்டத்தில் உட்கார்ந்திருப்பார். ஒருவருக்கு மனச்சோர்வு, அடுத்தவருக்குக் குரல்கள் கேட்கின்றன, மூன்றாமவர் உற்சாக மிகுதியில் நிறுத்தாமல் பேசுகிறார். எல்லோரும் ஒரே கூடத்தில் சாப்பிட்டு ஒரே பாத்ரூமுக்கு வரிசையில் நிற்பவர்கள். வெளியே பழகாதீர்கள் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. யாலோம் இதைப் பல மருத்துவமனைகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, 1983இல் உள்நோயாளிகளுக்கான குழு சிகிச்சை பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் எழுதினார். அதன் மையக் கருத்து: வார்டில் ஒரு குழுவின் ஆயுள் ஒரே ஒரு கூட்டம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று எதையும் தள்ளிப்போட முடியாது. இன்று தொடங்கியது இன்றே முடிய வேண்டும், ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துபோக வேண்டும்.

அதற்கு அவர் வகுத்த முறை எளிமையானது. முதல் மூன்று நான்கு நிமிடம், இது என்ன கூட்டம், எவ்வளவு நேரம், எதற்காக என்று வழிநடத்துநர் தெளிவாகச் சொல்வார். பிறகு ஒவ்வொருவரும் இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு கோரிக்கையைச் சொல்வார்கள். அடுத்து அந்தக் கோரிக்கைகள் ஒன்றோடொன்று பின்னப்படும். கடைசியில், நடந்ததைத் திரும்பிப் பார்ப்பது. கோரிக்கை என்று சொன்னேன். அதைச் சரியான அளவுக்குச் செதுக்குவதில்தான் இந்த முறையின் கைத்திறன் இருக்கிறது. நம் ஊர் வார்டு ஒன்றில் இது நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

“எனக்குன்னு யாருமே இல்ல சார்” என்கிறார் ஐம்பது வயதுப் பெண் ஒருவர்.

அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் தீர்க்கக்கூடியது இல்லை. வழிநடத்துநர் அவருடைய குடும்பக் கதைக்குள் போகமாட்டார். “இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல யார்கிட்டயாவது கொஞ்சம் பேசிப் பழகணும்னு தோணுதாம்மா?” என்பார்.

கொஞ்ச நேரம் மௌனம். “அதோ, அந்தப் பொண்ணு. ராத்திரி எல்லாம் அழுதுட்டே இருந்துச்சு. பக்கத்துல போகலாமான்னு நினைச்சேன். என்ன நினைக்குமோன்னு விட்டுட்டேன்.”

“அப்ப இன்னிக்கு அதையே அவங்ககிட்ட கேட்டுருவோமா?”

யாருமே இல்லை என்ற பெரிய துயரம், இந்த அறைக்குள் இன்றே செய்து பார்க்கக்கூடிய ஒரு காரியமாக மாறிவிட்டது. அந்த இளம்பெண், ராத்திரி யாராவது வரமாட்டார்களா என்றுதான் தானும் கிடந்ததாகச் சொன்னால், இரண்டு பேருடைய வேலையும் ஒரே நேரத்தில் நடந்துவிடும். “வேண்டாங்க, எனக்குத் தனியா இருந்தாத்தான் நல்லது” என்று சொன்னாலும் மோசமில்லை. கேட்டுப் பார்த்ததால் உலகம் இடிந்துவிடவில்லை என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடும். வழிநடத்துநர் இங்கே ஒதுங்கி இருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். வெளிநோயாளிக் குழுவில் பத்து நிமிட மௌனம்கூடப் பலன் தரலாம். வார்டில் அரை நிமிட மௌனமே பயத்தைக் கிளப்பும். அவர்தான் பேச்சைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

இதையும் தாங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். கடுமையான மனச்சிதைவில், சிந்தனை சிதறிக் கிடப்பவர்களை உட்காரவைத்து “நீங்கள் ஏன் அவரிடம் கோபப்பட்டீர்கள்?” என்று குடைந்தால் நிலைமை மோசமாகும். அவர்களுக்கென்று யாலோம் தனியாக இன்னொரு குழுவைச் சொல்கிறார்: நேரம் சுமார் 45 நிமிடம், பேச்சுக்குப் பதிலாகச் சிறு பயிற்சிகள், பாதி எழுதிய வாக்கியத்தை முடிப்பது, பக்கத்தில் இருப்பவரிடம் கண்ட ஒரு நல்ல குணத்தைச் சொல்வது போன்றவை. சண்டைக்கு வழியில்லாத, தோற்றுப்போக வழியில்லாத நேரம் அது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரியலாம். பல வாரங்களாக யாருக்கும் எதுவும் கொடுக்க முடியாமல் கிடந்த மனிதர், “இவங்க எனக்குத் தண்ணி எடுத்துக் குடுத்தாங்க” என்று ஒரு வாக்கியம் சொல்லி, அதைக் கேட்டு இன்னொருவர் முகம் மாறுவதைச் சிறியது என்று என்னால் சொல்ல முடியாது.

மனச்சிதைவு என்றாலே குழுவில் நோயைப் பற்றிப் பேசக் கூடாது என்ற கருத்து ரொம்ப நாள் இருந்தது. குரல் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவது நல்லது என்றே செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1987இல் நெதர்லாந்தில் மாரியஸ் ரோம் என்ற மனநல மருத்துவரும் அவருடைய நோயாளி ஒருவரும் தொலைக்காட்சியில் தோன்றி, குரல் கேட்பவர்கள் தொடர்புகொள்ளுங்கள் என்றார்கள். குரல் கேட்பதாகச் சொன்னவர்கள் 450 பேர். அவர்களில் சுமார் 150 பேர் அந்தக் குரல்களோடு ஒருவழியாக வாழப் பழகியிருந்தார்கள். மருத்துவரிடம் இல்லாத ஓர் அறிவு அவர்களிடம் இருந்தது. அதைத் தொடர்ந்து ஐரோப்பாவில் பல இடங்களில், குரல் கேட்பவர்களே நடத்தும் குழுக்கள் உருவாயின. உங்களுக்கு எப்போது கேட்கும், என்ன சொல்லும், வாயை மூடச் சொல்ல என்ன செய்வீர்கள் என்று அங்கே வெளிப்படையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். வார்டின் எச்சரிக்கையும் இந்தக் குழுக்களின் துணிச்சலும் முரணானவை போலத் தோன்றும். இரண்டிலும் நாற்காலிக் கேள்வி ஒன்றுதான். அலையின் நடுவில் இருப்பவரால் கொடுக்கக்கூடியது ஒன்று, கரையேறியவரால் கொடுக்கக்கூடியது வேறு.

பக்கத்தில் இருப்பவர் மருந்து என்றால், அவர் விஷமாகவும் ஆகலாம். இதைப் பதின்வயதினரிடம் செய்த ஆய்வுகள் அதிர்ச்சி தரும் அளவுக்குக் காட்டின. அமெரிக்காவில் தாமஸ் டிஷியனும் அவருடைய சகாக்களும், வழி தவறும் வாய்ப்புள்ள பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுக்களாகச் சேர்த்து நல்ல பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தார்கள். பாடத்திட்டம் நல்லது, ஆசிரியர்கள் நல்லவர்கள். பிறகு பார்த்தால், குழுவில் சேர்ந்த பிள்ளைகளிடம் புகைப்பழக்கமும் அடாவடியும் கூடியிருந்தன. 1999இல் இதைக் கட்டுரையாக எழுதியபோது அவர்களுடன் ஜோன் மெக்கார்டும் சேர்ந்திருந்தார். 1930களின் இறுதியில் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சோமர்வில் ஆய்வில், உதவி பெற்று, கோடை முகாம்களுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்ட சிறுவர்கள், உதவி பெறாதவர்களைவிட மோசமாகப் போனதைப் பல பத்தாண்டுகள் கழித்துத் தேடிக் கண்டவர் அவர்.

காரணம் சிரிப்பில் இருந்தது. ஒரு பையன் தான் கடையில் திருடிய கதையைச் சொல்லும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள்; ஹோம்வொர்க் முடித்த கதைக்கு யாரும் சிரிப்பதில்லை. வீடியோவில் பதிவுசெய்து நொடி நொடியாக எண்ணிப் பார்த்தபோது, அந்தச் சிரிப்பு எவ்வளவு விழுகிறதோ அந்த அளவுக்குப் பின்னாளில் தவறும் கூடுவது தெரிந்தது. ஆசிரியர் சொல்லிக்கொடுப்பதைவிட வேகமாகப் பையன்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே பிரச்சினைக்குரிய பிள்ளைகளை மட்டும் பொறுக்கியெடுத்து ஓர் அறையில் போடுகிற ஏற்பாட்டை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். அது பள்ளியில் நடந்தாலும் சரி, கூர்நோக்கு இல்லத்தில் நடந்தாலும் சரி. எல்லா வகைப் பிள்ளைகளும் கலந்த குழுவும், பெற்றோருக்கான குழுவும் பாதுகாப்பானவை.

புற்றுநோய்க் குழுக்களுக்கு வேறுவிதமான சிக்கல். அங்கே உறுப்பினர்கள் இறப்பார்கள். 1970களில் ஸ்டான்ஃபோர்டில் யாலோமும் டேவிட் ஸ்பீகலும், பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களுக்கு வாராந்திரக் குழு நடத்தினார்கள். சாவைப் பற்றிப் பேசினால் மனம் உடைந்துபோகும் என்று பல மருத்துவர்கள் அஞ்சினார்கள். குழு அதைத்தான் நடுவில் வைத்துப் பேசியது. வெளியே பழகக் கூடாது என்ற விதி இங்கே கைவிடப்பட்டது. போனில் பேசிக்கொண்டார்கள், ஆஸ்பத்திரியில் சேர்ந்தவரைப் போய்ப் பார்த்தார்கள். சாகப்போகிறவரை வாரம் ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் தெரிந்தவராக வைத்துக்கொள்ளச் சொல்வது மனிதத் தன்மையற்றது.

இந்தக் குழுவைப் பற்றி 1989இல் லான்செட் இதழில் வந்த செய்தி உலகம் முழுக்கப் பரவியது. 86 பெண்களில் குழுவில் இருந்தவர்கள் சராசரியாக 36.6 மாதங்களும், இல்லாதவர்கள் 18.9 மாதங்களும் உயிரோடு இருந்தார்கள் என்றது அது. குழு உயிரை நீட்டிக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. 2001இல் கனடாவில் பமேலா குட்வின் தலைமையில் 235 பெண்களிடம் செய்த பெரிய ஆய்வில் ஆயுள் கூடவில்லை. 2007இல் ஸ்பீகலே 125 பேரிடம் திரும்பச் செய்து பார்த்தபோதும் மொத்தத்தில் கூடவில்லை. அதை அவரே வெளியிட்டார். கனடா ஆய்வில் தொடக்கத்தில் மனத்துயரம் மிகுந்திருந்த பெண்களுக்குத் துயரமும் வலியும் குறைந்தன. ஆயுள் நீளாவிட்டாலும், வலி குறைந்து, பேசத் துணையோடு கழிகிற கடைசி மாதங்கள் எந்த ஆஸ்பத்திரியும் கொடுக்க முயல வேண்டிய ஒன்றுதான்.

தழுவல் என்ற வேலையை நான் அறிந்தவற்றில் மிகக் கவனமாகச் செய்தது உகாண்டாவில்தான். நாட்டின் தென்மேற்கில் உள்ள ராக்கை, மசாக்கா மாவட்டங்கள் எய்ட்ஸால் சிதைந்தவை. மனச்சோர்வு மாத்திரைகளுக்குப் பணமும் இல்லை, கொடுத்துக் கண்காணிக்க மருத்துவர்களும் இல்லை. ஆய்வாளர் பால் போல்டனும் அவருடைய குழுவினரும் முதலில் கேள்வித்தாளோடு போகவில்லை. எய்ட்ஸ் வந்ததால் ஊரில் என்னென்ன கஷ்டம் என்று மக்களையே அடுக்கச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் மக்கள் தங்கள் மொழியில் பெயர் வைத்திருந்த இரண்டு வகைத் துயரங்கள் இருந்தன. அவற்றின் அறிகுறிகள் மருத்துவ நூல்கள் சொல்லும் மனச்சோர்வோடு பெரும்பாலும் ஒத்துப்போயின. அந்தத் துயரம் இருப்பவர் என்று ஊராரும் சொல்லி, அவர்களும் ஒப்புக்கொண்டவர்களைத்தான் ஆய்வுக்கு எடுத்தார்கள்.

உறவுசார் உளச்சிகிச்சை என்ற முறையை அமெரிக்காவில் உருவாக்கியவர்களில் ஒருவரான மைர்னா வைஸ்மனும், ஹெலன் வெர்டெலி, கேத்லீன் க்ளோகெர்டி ஆகியோரும் அதை உகாண்டாவுக்கு மாற்றினார்கள். மூல முறைப்படி மனச்சோர்வு நான்கு வாசல்கள் வழியாக வரும்: ஒருவரின் சாவு, உறவில் தகராறு, வாழ்க்கையில் பெரிய மாற்றம், பழக ஆளில்லாத தனிமை. நான்காவதைக் கிராமத்தில் எடுத்துவிட்டார்கள். எல்லோரும் எல்லோருடனும் கலந்து வாழும் இடத்தில் அது தனித் தலைப்பாக நிற்கவில்லை. சாவு என்ற தலைப்பிலும் ஒரு சிக்கல். இறந்தவரைப் பற்றிய நல்லதையும் கெட்டதையும் சேர்த்துப் பேசவைப்பது மூல முறை. அந்த ஊரில் செத்தவரைக் குறை சொல்வது தகாது. அதனால் கேள்வியை மாற்றினார்கள்: அவரோடு வாழ்ந்த காலத்தில் உங்களுக்கு ஏமாற்றமாக இருந்த நேரங்கள் உண்டா? இந்தக் கேள்வியில் இறந்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. சொல்ல வேண்டியதும் வெளியே வந்துவிடுகிறது. நம் இழவு வீடுகளில் உட்கார்ந்து பழகிய யாருக்கும் இந்த மாற்றத்தின் நுட்பம் உடனே புரியும்.

ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. ஆண் குழுவை ஆணும் பெண் குழுவைப் பெண்ணும் நடத்தினார்கள். அவர்கள் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள், பள்ளிப் படிப்பு முடித்தவர்கள். மனநலத் துறையில் முன் அனுபவம் இல்லாதவர்கள். இரண்டு வாரம் தீவிரப் பயிற்சி. வாரம் ஒருமுறை 90 நிமிடம், 16 வாரம். இங்கே பணமோ பொருளோ கிடைக்காது என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். உதவி நிறுவனங்களின் வண்டி வந்தால் மூட்டை இறங்கும் என்று எதிர்பார்த்துப் பழகிய ஊர்களில் இது அவசியம். 30 கிராமங்களில் நடந்த இந்த ஆய்வு 2003இல் வெளியானது. தொடக்கத்தில் இரு பக்கமும் பெரும்பாலோர் மனச்சோர்வில் இருந்தார்கள். முடிவில், குழு நடந்த கிராமங்களில் அது 6.5 சதவீதமாகவும், நடக்காத கிராமங்களில் 54.7 சதவீதமாகவும் இருந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இந்த முறைக்கான கையேட்டை வெளியிட்டது.

இந்த வெற்றியை ஒரு மந்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கும் உகாண்டாவே சாட்சி. நாட்டின் வடக்கே, போரால் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் பதின்வயதினர் 314 பேரிடம் இதே முறையைச் சோதித்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி சிறுமிகளுக்கு நன்றாகப் பலன் தந்தது, சிறுவர்களிடம் உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பலன் இல்லை. அதே நாடு, அதே முறை. வட்டமாக உட்கார்ந்து துயரத்தைச் சொல்வது, சுற்றிலும் ராணுவமும் கிளர்ச்சியாளர்களும் இருக்கும் முகாமில் ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பார்க்கிறேன். அவனுக்கு வேறு நாற்காலி வேண்டியிருந்திருக்கும். ஒருவேளை நாற்காலியே வேண்டியிருந்திருக்காது.

இந்தியாவில் இந்த மாதிரி மாற்றங்களுக்குப் பழைய முன்னோடி ஒருவர் உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த வித்யா சாகர், நோயாளியோடு வந்த உறவினர்களைத் திருப்பி அனுப்பவில்லை. வளாகத்தில் கூடாரம் அடித்துத் தங்கவைத்தார். நோயாளிகளும் குடும்பத்தாரும் கூடி உட்கார, நோயைப் பற்றிய பயங்களைப் புராணக் கதைகளின் வழியாகவும் பேசித் தீர்த்தார். மேலை நாட்டுக் குழுவில் குடும்பம் என்பது பேசப்படும் பொருள். இங்கே குடும்பமே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் உறவினர் உடன் தங்கும் முறையைத் தொடக்க காலம் முதலே கடைப்பிடித்தது. சென்னையின் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை இதை இன்னொரு திசையில் கொண்டுபோனது. குடிநோயாளிகளை நகரத்துக்கு வரவழைக்காமல், திருவாரூர் பக்கம் மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம் போட்டுச் சிகிச்சை கொடுத்தார்கள். முகாமில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ரகசியம் என்ற தூண் அங்கே நிற்காது. யார் எப்போது எந்தக் கடையில் குடித்தார் என்பது ஊருக்கே தெரியும். அதற்குப் பதில், முகாம் முடிந்து வெளியே வரும்போது அந்த மனிதர் திரும்பிப் போகிற ஊரும் சிகிச்சையில் ஒரு பங்காளியாகிவிடுகிறது.

மறதி நோய்க்கு வந்தால் பேச்சே பலவீனமான கருவி. அங்கே பயன்படும் குழு முறையை இங்கிலாந்தில் ஏமி ஸ்பெக்டரும் சகாக்களும் உருவாக்கினார்கள். வாரம் இரண்டு முறை, 45 நிமிடம், மொத்தம் 14 அமர்வுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு: சாப்பாடு, சிறுவயது, ஓசைகள், காசு, இன்றைய செய்தி. குழுவுக்கு ஒரு பெயர் வைப்பார்கள், ஒரு பாட்டைத் தேர்ந்தெடுப்பார்கள், ஒவ்வொரு முறையும் அதிலிருந்து தொடங்குவார்கள். இது என்ன கிழமை என்று தேர்வு வைப்பதில்லை. கருத்துத்தான் கேட்பார்கள், ஏனென்றால் கருத்துக்கு ஞாபகம் தேவையில்லை, தப்பாகவும் போகாது. 2003இல் 201 முதியவர்களிடம் நடந்த சோதனையில் அறிதிறன் மதிப்பெண்ணில் கிடைத்த முன்னேற்றம், அன்றைக்கு இருந்த மாத்திரைகள் தருவதற்கு ஒப்பாக இருந்தது. இதைச் சென்னைக்குக் கொண்டுவரும் வேலையை ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் செய்திருக்கிறது. பவுண்டும் பென்னியும் படம் போட்ட அட்டை இங்கே என்ன செய்யும்? 1957 வரை அணாவும் பைசாவும் எண்ணிக் கடைக்கு ஓடிய பிள்ளைகள்தான் இன்றைய எண்பது வயதுக்காரர்கள். ஓர் அணாக் காசை மேசைமேல் வைத்து, இதற்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால், பேரன் பெயரை மறந்தவர்கூட முறுக்கு விலையைச் சொல்லி அடுத்தவரோடு சண்டைக்கு நிற்பார். அந்தச் சண்டைதான் வேண்டும்.

இனி நம் ஊரில் இது எங்கே வேர்விடும் என்று யோசிக்கும்போது எல்லோர் கண்ணும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் மேல் விழுகிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கிய அந்த முயற்சி இன்று எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. ஊருக்குள்ளேயே பத்துப் பதினைந்து பெண்கள் முறையாகக் கூடுகிறார்கள், ஒருவரையொருவர் நம்பப் பழகியிருக்கிறார்கள். உகாண்டா முறையை இவர்கள் மேல் ஏற்றிவிடலாமே என்ற யோசனை இயல்பானது. ஆசையும் எனக்கு உண்டு. ஆனால் இந்தக் குழு கடனால் கட்டப்பட்டது. ஒருத்தி தவணை கட்டத் தவறினால் மற்ற எல்லோருக்கும் அடுத்த கடன் சிக்கலாகும். தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்று ஒரு பெண் அங்கே சொன்னால், கேட்பவர்கள் காதில் இந்த மாதத் தவணை வராது என்றுதான் முதலில் விழும். அது தெரிந்து அவளும் சொல்லமாட்டாள். பக்கத்து நாற்காலி அவளுக்கு ஜாமீன் போட்டிருக்கிறது. அந்த நாற்காலியால் அவளுக்கு மருந்தாகவும் இருப்பது கடினம்.

செய்வதானால், அதே ஊரில் வேறு கிழமையில், கடன் நோட்டு இல்லாத வேறோர் இடத்தில் கூட வேண்டும். ஒரே கடன் குழுவைச் சேர்ந்தவர்களை ஒரே வட்டத்தில் போடாமல் இரண்டு மூன்று தெருக்களிலிருந்து கலந்து எடுக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவர் வழிநடத்துநராக இருக்கக் கூடாது. இங்கே லோன் கிடையாது, இதில் பேசியது வங்கிக்கோ குழுத் தலைவிக்கோ போகாது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது கூட்டத்திலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் முறை யாரும் நம்பமாட்டார்கள்.